கரண்டி பிடித்த சித்தப்பா

குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போவது என்று பேச்சு எழுந்ததும் குடும்பத்தில் ஆளுக்கொரு கவலை பிறக்கும். வேன் எத்தனை மணிக்கு, பூசாரிக்கு யார் சொல்வது, கிடா யார் வீட்டுக் கணக்கு, சென்னையிலிருந்து வருகிறவர்கள் எங்கே ஏறுவார்கள். இந்தக் களேபரத்தின் நடுவே கூடத்து மூலையிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "சாப்பாட்டைப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அது என் பொறுப்பு."

அவர்தான் கரண்டிச் சித்தப்பா.

வீட்டில் இவர் அடுப்படிப் பக்கம் போனதாகச் சரித்திரம் இல்லை. கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் சித்தியைக் கூப்பிடுவார். காபி ஆறிப்போனால் டம்ளரை நீட்டுவாரே தவிர, நாலடி நடந்து அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். ஆனால் தலைக்கு மேலே கூரை இருக்கக் கூடாது, சாப்பிடுகிற தலைகள் இருபதைத் தாண்ட வேண்டும், அடுப்பு மூன்று கல்லாக இருக்க வேண்டும். இவை கூடி வந்துவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டித் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேறொரு மனிதராக எழுந்து நிற்பார். அந்த நேரத்தில் சித்தியே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உப்பு டப்பாவைத் தொட முடியும்.

குடும்பத்தில் சித்தப்பாவாக இருக்கும் இதே ஆசாமி, அலுவலகச் சுற்றுலாவில் கணக்குப் பிரிவு சூப்பிரண்டாக அவதரிப்பார். பழைய கல்லூரி நண்பர்கள் ஏற்காட்டில் கூடினால், அந்தக் காலத்து மெஸ் செயலாளராக வருவார். பாத யாத்திரைக் குழுவில் தண்ணீர் வண்டிக்குப் பின்னால் வரும் சமையல் வண்டியில் உட்கார்ந்திருப்பார். ஆளும் ஊரும் மாறும், கரண்டியை இன்னொருவர் கையில் கொடுக்காத குணம் மட்டும் மாறாது.

இதற்கு அவர் சாஸ்திர ஆதாரமே வைத்திருக்கிறார். மதுரை மாவட்டம் திருமங்கலம் வட்டாரத்தில் வடக்கம்பட்டி என்றொரு ஊர். தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கும் முனியாண்டி விலாஸ் ஓட்டல்களுக்கு மூலஸ்தானம் அதுதான். அங்கே முனியாண்டி கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்துகொண்டிருக்கும். சாமிக்குப் படைத்த பிறகு, வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் பிரசாதம். அதே திருமங்கலம் பக்கத்துக் கரும்பாறை முத்தையா கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஆண்கள் மட்டும் கூடிக் கறுப்புக் கிடா வெட்டி, தாங்களே சமைத்து, சாப்பிட்டு, இலையை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். இலையெல்லாம் காய்ந்த பிறகுதான் பெண்கள் அந்தப் பக்கம் போவது வழக்கம்.

"பாத்தியா? பெரிய சமையல்னா அது ஆம்பளைங்க சமாசாரம்" என்பார் சித்தப்பா.

"அப்ப வருசத்துல மிச்ச நாளெல்லாம் நான் வீட்ல பண்றது சின்னச் சமையலா?" என்று சித்தி கேட்பார். சாப்பிட்ட இலையை எடுக்க வேண்டாம் என்கிற பகுதிதான் இவருக்கு அந்தக் கோயிலில் அதிகம் பிடித்தது என்பது சித்தியின் அபிப்பிராயம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அண்மைக் காலத்தில் ஆதாரம் இன்னும் பலப்பட்டுவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துத் தாத்தா பெரியதம்பியும் அவருடைய பேரன்களும் 2018இல் வயல்வெளியில் அண்டாவை ஏற்றி வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். 2021இல் அது ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. மறு வருடம் 'விக்ரம்' படத்தில்கூடக் கரண்டியோடு வந்து போனார்கள். சித்தப்பா அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்துத் தேறியது ஒரே ஒரு வித்தைதான்: போடுகிற சாமானின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே போடுவது. அவர் "மஞ்சத் தூளு!" என்று போடும் சத்தத்தில் கோயில் மரத்துக் காக்கைகள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்காரும்.

கேலி இருக்கட்டும், கணக்கில் சித்தப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டில் நாலு பேருக்கு ஆழாக்கில் அளந்து பழகியவர்களிடம் முப்பது பேருக்கு எவ்வளவு அரிசி என்று திடீரென்று கேட்டால் முழிப்பார்கள். இவருக்கு அது விரல் நுனியில். பிரியாணி அரிசி கிலோவுக்கு எட்டுப் பேர். வெட்டவெளியில் பசி கூடுதல் என்பதால் ஏழு. குழந்தைகள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஆள். "ஆனா பன்னெண்டு வயசுப் பய ஒருத்தன் இருந்தான்னா அவன் ரெண்டு ஆளு." ஆக முப்பது பேருக்கு நாலரைக் கிலோ சீரகச் சம்பா, ஐந்து ஆறு கிலோ கறி. வெங்காயம் அரிசி கிலோவுக்கு அரைக் கிலோ, தக்காளி அதைவிடக் கொஞ்சம் குறைவு. சைவம் என்றால் சாம்பாருக்கு முப்பது பேருக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு. இவ்வளவையும் ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதுவார்.

தண்ணீர்க் கணக்கில்தான் அவருடைய உண்மையான ஞானம் தெரியும். படிக்கு இரண்டு படி தண்ணீர் என்று வீட்டில் வைப்பதை அப்படியே பெருக்கி அண்டாவில் ஊற்றினால் பிரியாணி பொங்கலாகிவிடும். பாத்திரம் பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருக்கிற அளவுக்கு அதன் வாய் அகலம் ஈடு கொடுப்பதில்லை. ஆவியாகிப் போவது குறைந்துவிடும். ஊறவைத்த சீரகச் சம்பாவுக்கு ஒன்றுக்கு ஒன்றரையோடு நிறுத்திக்கொள்வார். மிளகாய்த் தூளையும் கிராம்பு பட்டையையும்கூடத் தலைக்கணக்கில் பெருக்க மாட்டார், கொஞ்சம் பின்வாங்கித்தான் போடுவார். இதையெல்லாம் யாரும் அவருக்குப் புத்தகத்தில் காட்டியதில்லை. எத்தனையோ திருவிழாக்களில் அண்டாவைச் சுற்றி நின்று திட்டு வாங்கிக் கற்றது.

இத்தனை துல்லியமான கணக்கைக் கடைசியில் ஒரு பழக்கத்தால் கெடுத்துவிடுவார். பத்திரிகையில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நேரே "எதுக்கும்" என்று சொல்லிக் கொஞ்சம் கூட்டுவார். எதுக்கும் அரிசி ஒரு கிலோ. எதுக்கும் கறி ஒரு கிலோ. எதுக்கும் வெங்காயம் மூணு கிலோ. மளிகைக் கடையிலிருந்து வேனுக்கு மூட்டை வரும்போது முப்பது பேர் சாப்பாடு ஐம்பது பேர் சாப்பாடாக வளர்ந்திருக்கும். டிரைவர் காலை மடக்கி உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்தது அடுப்பு. மூன்று கல்லை வைத்தால் அடுப்பு என்று நினைப்பவர்களைச் சித்தப்பா பரிதாபமாகப் பார்ப்பார். முதலில் கல் எங்கே பொறுக்கியது என்று விசாரிப்பார். அக்கா மகன் ஆற்றுக்குள்ளிருந்து வழவழப்பாக அழகான கல்லைத் தூக்கி வந்தால், "ஏண்டா, சமைக்கவா வெடி வைக்கவா?" என்று திருப்பி அனுப்புவார். அது வெற்று மிரட்டல் அல்ல. தண்ணீரில் கிடந்த கல்லின் உள்ளே ஈரம் ஏறியிருக்கும். சூட்டில் அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லையே தெறிக்கவிட்டுவிடும். மேட்டில் வெயிலில் காய்ந்த கல்தான் வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிக் காற்று வரும் திசை பார்ப்பார். அது பார்ப்பதற்குக் கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கும், ஆனால் புகை யார் முகத்துக்குப் போகப் போகிறது என்பது அந்த நிமிடமே தீர்மானமாகிவிடும். வழக்கமாக மாப்பிள்ளை முகத்துக்குப் போகும்.

பற்றவைக்கத் தென்னம்பாளையும் காய்ந்த மட்டையும். நின்று எரிய சீமைக்கருவேலம். ஊரையே வறட்சியாக்கிவிட்டது என்று எல்லோரும் திட்டுகிற அந்த மரத்தின் விறகு அருமையாக எரியும், தணலும் நெடுநேரம் நிற்கும். கோயிலைச் சுற்றிப் பூத்திருக்கும் அரளியில் ஒரு குச்சியைக்கூட ஒடித்து அடுப்புக்குக் கொண்டுவரவோ கறியைக் கோக்கவோ விடமாட்டார். அது விஷம். அண்டாவின் அடியில் வெளிப்பக்கம் சேற்று மண்ணைக் குழைத்துப் பூசச் சொல்வார். சமைத்து முடித்ததும் கரியெல்லாம் மண்ணோடு உதிர்ந்துவிடும். நெருப்பு பிடிக்காமல் அடம்பிடித்தால், பூசைத் தட்டிலிருந்து இரண்டு சூடம் காணாமல் போகும். பூசாரி கவனித்தும் கவனிக்காததுபோல இருப்பார். அவருக்கும் பிரியாணி உண்டு.

நெருப்பு பிடித்ததும் சித்தப்பா வேலைகளைப் பங்கிடத் தொடங்குவார். சமையலில் அவர் கைபட்டுச் செய்யும் வேலை என்று பார்த்தால் எதுவும் இருக்காது. வெங்காயம் உரிக்க நாலு பேர், பூண்டுக்கு மூன்று பேர், புதினா ஆய இரண்டு பெரியம்மாக்கள், தண்ணீர் சுமக்கக் கல்லூரிப் பையன்கள், விறகு தள்ள ஒரு ஆள், அந்த ஆள் சரியாகத் தள்ளுகிறாரா என்று பார்க்க இன்னொரு ஆள். பசித்த முப்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சா?" என்று கேட்பார்கள். கையில் பூண்டைக் கொடுத்துவிட்டால் கேட்க மாட்டார்கள்.

புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை வெங்காயத்தைப் பார்த்து முகம் சுளித்தால் அதற்கும் மருந்து வைத்திருக்கிறார். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அந்தப் புதுக்கோட்டைக் குழுவோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதற்கு முன் அவர் செய்த வேலை வெங்காயத்தையும் தயிரையும் போட்டுப் பச்சடி கலந்தது. "காங்கிரசுக்கே தலைவரா இருந்தவரு வெங்காயத்தத் தொட்டாரு மாப்ள. நீங்க தொட்டா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?" மாப்பிள்ளை கத்தியை எடுத்துவிடுவார். எடுத்த பிறகு சித்தப்பா அவர் பக்கமே திரும்ப மாட்டார்.

கிடா உரிபட்டு வந்ததும் ரத்தப் பொரியலுக்கும் ஈரலுக்கும் தனிச் சட்டி ஏறும். சுவரொட்டி நேரே தணலுக்குப் போகும். இந்த உருப்படிகள் பந்திக்கு வந்ததாக யாரும் பார்த்ததில்லை. அடுப்பைச் சுற்றி நிற்பவர்களுக்கே அவை சொந்தம் என்பது எழுதாத சட்டம். சித்தப்பா இதைச் சாப்பிடுவது என்று சொல்ல மாட்டார். "உப்புப் பாக்கிறேன்" என்பார். சுவரொட்டியில் உப்புப் பார்ப்பார், ஈரலில் காரம் பார்ப்பார், எலும்பில் வேக்காடு பார்ப்பார். பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு நிறைந்த பிறகுதான், எல்லோரும் சாப்பிடட்டும் நான் கடைசியில் உட்காருகிறேன் என்கிற தியாகம் வெளிப்படும்.

இத்தனைக்கும் வெட்டவெளியில் முப்பது பேருக்குச் சமைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த மதினிக்கு நன்றாகத் தெரியும். "கூட்டாஞ்சோறு கிண்டிருவோமே கொழுந்தனாரே" என்பார். அரிசியையும் துவரம் பருப்பையும் ஒரே பானையில் போட்டு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய் என்று கையில் கிடைத்த காய்களை வெட்டிச் சேர்த்து, புளி கரைத்து ஊற்றி, தேங்காயும் சீரகமும் வற்றலும் அரைத்துக் கொட்டி, கடைசியில் ஒரு பிடி முருங்கைக் கீரை. ஒரு பானை, ஒரு கரண்டி, ஒரு மணி நேரம். தொட்டுக்கொள்ள அப்பளம் போதும். தென்மாவட்டத்துக் குழந்தைகள் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி, ஒரு கை பருப்பு என்று கொண்டுவந்து விளையாட்டாகப் பொங்கிச் சாப்பிட்ட சோறுதான் இது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முடிந்தது பெரியவர்களுக்கு முடியாதா என்ன?

சித்தப்பா அதை ஒரு காதில்கூட வாங்க மாட்டார். "கோயிலுக்கு வந்து பருப்புச் சோறா?" தக்காளிச் சாதம் என்றால் "அது ஆஸ்டல் சாப்பாடு." உப்புமா என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சுவார்த்தையே முறிந்துவிடும். முட்டையை அவித்து வைத்துவிடலாமே என்றால், அது டீக்கடை. புளியோதரையைப் பற்றி அவரிடம் வாயே திறக்க முடியாது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் மூன்று நாள் பயணம் போனவர்கள் அடுப்பே மூட்டாமல் காலம் தள்ளியது அதை நம்பித்தான். புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து சோற்றைச் சீக்கிரம் கெடவிடாது. சாதாரண வெள்ளைச் சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெந்த சோற்றிலும் சாகாமல் கிடக்கும் சில கிருமி வித்துகள், வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் வைத்திருந்தால் முளைத்துப் பெருகி வயிற்றைக் கலக்கிவிடும். மிச்சப் பிரியாணியை வேனின் பின்சீட்டில் வைத்து ராத்திரிக்குச் சாப்பிட்ட குடும்பங்களுக்கு மறுநாள் காலை இது விளங்கும்.

ஏன் இந்த எளிய வழிகளெல்லாம் அவருக்கு ஆகாது? ருசி ஒரு காரணமே இல்லை, வீட்டில் மதினி கிண்டுகிற கூட்டாஞ்சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்தான். ஆனால் கூட்டாஞ்சோற்றுக்கு அதிகாரம் பண்ண ஆள் தேவையில்லை. பானை தானாக வெந்துவிடும். பிரியாணியில் அப்படியில்லை. தண்ணீர் வற்றி அரிசி தலைகாட்டும் அந்த நேரத்தில் விறகை இழுத்துப்போட்டு, மூடியைப் போட்டு, அதன் மேலே தணலை அள்ளிக் கொட்டி, "யாரும் தொறக்கக் கூடாது" என்று கையை விரித்து நிற்க ஒருவர் வேண்டும். அந்த இருபது நிமிடத் தம்முக்காகத்தான் சித்தப்பா வருடம் முழுவதும் காத்திருக்கிறார். முப்பது பேரும் மூச்சுவிடாமல் ஒரு மூடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அவர் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைக்கக்கூட ஆளில்லை.

அவருடைய ராஜ்யம் செல்லாத இடங்களும் உண்டு. ஒருமுறை கொடைக்கானலில் பருப்பு வேகவில்லை என்று கீழே பருப்பு விற்ற கடைக்காரரை அவர் திட்டித் தீர்த்தார். கடைக்காரர் மேல் தப்பில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இருந்தால் தப்பிக்கலாம். அவரோ குக்கரை விறகடுப்பில் ஏற்றி ஏற்கெனவே அதன் கைப்பிடியை உருக்கியிருந்தார். அதோடு மலையில் நினைத்த இடத்தில் அடுப்பு மூட்டவும் முடியாது. காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் 23 பேர் இறந்த பிறகு, வனக் காவலர்கள் புகையைப் பார்த்தாலே வந்து நிற்பார்கள். வரவும் வேண்டும். காவலரிடம் சித்தப்பா, "சார், ஒரு ரசம் மட்டும்" என்று கேட்டுப் பார்த்தார். காவலர் பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிட்டுப் போனார். அன்றைக்கு முப்பது பேரும் பன்றிமலைப் பக்கத்துச் சிறு ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டார்கள். அருமையாக இருந்தது என்று யாருமே சொல்லவில்லை, அவர் பக்கத்தில் இருந்ததால்.

ஒகேனக்கல்லில் அவருக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. அங்கே மீனை வாங்கிக் கொடுத்தால் உள்ளூர்ப் பெண்களே விறகடுப்பில் குழம்பு வைத்து, வறுத்தும் கொடுத்துவிடுவார்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு. சித்தப்பா அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று, "புளி கொஞ்சம் தூக்கலா..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புகை அடிக்குதுண்ணா, தள்ளி நில்லுங்க" என்றார். முக்கால் மணி நேரத்தில் குழம்பும் வறுவலும் சோறும் வந்துவிட்டன. யாரும் பூண்டு உரிக்கவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா அந்தக் குழம்பில் குறை தேடிக்கொண்டே வந்தார். தர்மபுரி தாண்டியதும் "மல்லித் தூளு பச்சை வாசனை" என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்.

ஆனால் குலதெய்வக் கோயிலில் மூடி திறக்கும் நிமிடம் அவருடையதுதான். தணலைத் தட்டிவிட்டு மூடியைத் தூக்குவார். ஆவி எழும்பும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஓரத்திலிருந்து கரண்டியை இறக்கி அரிசி உடையாமல் புரட்டுவார். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தால், அதைச் சுரண்டாமல் மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவார். சுரண்டினால் தீய்ந்த வாசனை மொத்தத்துக்கும் ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியும். பந்தியில் அவரே பரிமாறுவார். நல்ல எலும்பு யாருக்குப் போகிறது என்பதை வைத்து, அந்த வருடம் அவருக்கு யார்மேல் கோபம் என்று கணக்குப் போட்டுவிடலாம். மாப்பிள்ளைக்கு நல்லி எலும்பு. பங்குச் சண்டையில் பேசாமல் இருக்கும் தம்பிக்கும் நல்லி எலும்புதான், அதை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்களிருவருக்கும் இடையே ஆறு மாதமாக நடந்த ஒரே பேச்சு அதுதான்.

பந்தி முடிந்ததும் ஆளைக் காணோம். ஆலமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அண்டா தேய்ப்பது பெரிய சமையலில் சேராது போலிருக்கிறது. மண் பூசியதால் கரி லேசாகப் போய்விடுகிறது என்று மதினி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்வார்.

மறுநாள் வாடகைப் பாத்திரக் கடையில் நோட்டைப் பிரித்து எண்ணுவார்கள். தேக்சா இரண்டு, வாளி நாலு, ஜல்லிக் கரண்டி ஒன்று, மூடி ஒன்று. "மூடி ரெண்டு குடுத்தேன்ணே." இரண்டாவது மூடியில்தான் சூடான தணலை அள்ளிக்கொண்டுபோய்ப் பூசாரி பொங்கலுக்கு அடுப்பு மூட்டியிருந்தார். அது கோயிலிலேயே நின்றுவிட்டது. பணத்தைக் கட்டிவிட்டு வந்து சித்தப்பா வரவு செலவு எழுதினார். கறி, அரிசி, எண்ணெய், விறகு, வேன். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் குடும்பத்தாருக்கு அனுப்பினார். கடைசி வரியில் 'இதர செலவு' என்று ஒரு தொகை. வாங்கி மிஞ்சிய மூன்று கிலோ வெங்காயம் எந்த வரியிலும் இல்லை. அது சித்தி வீட்டுக் கூடையில் இருக்கிறது. இதர செலவு என்றால் என்ன கொழுந்தனாரே என்று மதினி எழுதிக் கேட்டிருக்கிறார். சித்தப்பா பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்துவிட்டது, பதில்தான் வரவில்லை.